தொகுப்பானைத் தொகுத்தவர் யார்?



எங்கள் பாடசாலையில் கணினி கற்பிக்கும் ஆசிரியர் ஒருநாள் விடுமுறையில் நின்றமையால், பத்தாம் வகுப்பை மேற்பார்வை செய்யும் பணி என் தலையில் விழுந்தது. அதிபர் எனப்படுபவர் எந்தப் பாடத்துக்கும் பதிலாளாக நிற்கத்தக்கவர் என்பது பாடசாலை மரபு. நானோ தமிழும் வரலாறும் கற்ற கலைப்பட்டதாரி. ஆதலால், மாணவரைத் தத்தம் வேலையைப் பார்க்கும்படி பணித்துவிட்டு, மூலையில் ஒரு நாற்காலியை இட்டு அமர்ந்திருந்தேன். அப்போது ஒரு மாணவி எழுந்து வந்து கேட்டாள்:

"சேர், நாங்கள் பாஸ்கலில் எழுதுகிறதைக் கணினிக்கு விளங்குகிற மொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பான் என்று படித்தோம். தொகுப்பானும் ஒரு செய்நிரல்தானே? அப்படியென்றால் அதை மாற்றித் தந்தது எது?"

நாளை சொல்லுகிறேன் என்றேன். அந்த நாளை வருவதற்கு மூன்று மாதங்கள் சென்றன. அம் மூன்று மாதங்களில் நான் தேடிக் கற்றவற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். துறைபோகிய அறிஞர்கள் இப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பின், அவர்கள் பொறுத்தருள்வார்களாக. அந்த மாணவியைப் போன்ற ஐயம் உடையவர்களுக்காகவே இது சொல்லப்படுகிறது.

அவள் முன்னே இருந்த கணினியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அது பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. றாஸ்பெரி பை என்று பெயர். உள்ளங்கையில் வைக்கத்தக்க ஒரே பலகையின்மேல் கணினியின் உறுப்புகள் யாவும் பொருத்தப்பட்டிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றையும் விசைப்பலகை ஒன்றையும் இணைத்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். மாணவர் கணினியைத் திறந்து பார்த்து விளையாடிக் கற்கவேண்டும் என்ற நோக்குடன் இங்கிலாந்திலே உருவாக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அன்று அதன் விலை முப்பத்தைந்து அமெரிக்க டொலர். இத்தகைய கணினிகளைத் தனிப்பலகைக் கணினிகள் என்பர். மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய கணினியைக் கண்டு கேட்கத் தோன்றாத கேள்விகள், கைக்குள் அடங்கும் இச் சிறு பலகையைக் கண்டதும் தோன்றிவிடுகின்றன என்பது என் அனுபவம்.

தொகுப்பான் என்பது யாது? கணினியின் நடுவே இருக்கும் முறைவழியாக்கி அறிந்தது எண் ஒன்றையே. இன்ன எண் வந்தால் கூட்டு, இன்ன எண் வந்தால் இந்த இடத்தில் உள்ளதை எடுத்து அந்த இடத்தில் வை என்று அதற்குச் சில கட்டளைகள் உண்டு, அவ்வளவே. மனிதரோ, கூலி என்பது நாள்களை ஆயிரத்தைந்நூறால் பெருக்கி இருநூறு கூட்டியது என்பதுபோல எழுத விரும்புகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, மனிதர் எழுதியதை எண்வரிசையாகப் பெயர்த்துக் கொடுக்கும் செய்நிரலே தொகுப்பான், ஆங்கிலத்தில் கொம்பைலர்.

பெயர்ப்பதுதான் அதன் தொழிலெனில், பெயர்ப்பான் என்று சொல்லாது தொகுப்பான் என்று ஏன் சொல்லினர் என்ற ஐயம் எனக்கு எழுந்தது. வரலாற்றில் விடை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கணித அறிஞர் கிறேஸ் ஹொப்பர் அம்மையார், 1952ஆம் ஆண்டில் யுனிவாக் என்னும் கணினிக்கு ஒரு செய்நிரல் அமைத்தார். முன்னரே எழுதி வைக்கப்பட்ட சிறு கணக்குத் துண்டுகளுள் வேண்டியவற்றை அது தேடி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, ஒரு முழுச் செய்நிரலாக்கித் தந்தது. நம் முன்னோர் பாட்டுகளைத் தேடிச் சேர்த்துத் தொகை என்று பெயரிட்டது போன்ற வேலைதான். பின்னாளில் வந்தவை முழுமையான மொழிபெயர்ப்பாளர்களாக வளர்ந்தபோதிலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1957இல், ஜோன் பக்கஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஐ.பி.எம். 704 என்னும் கணினிக்குப் போட்றான் மொழியின் தொகுப்பானை வெளியிட்டனர். அதனை ஆக்குதற்குச் செலவான உழைப்பு, ஒருவர் தனித்துச் செய்வதாயின் பதினெட்டு ஆண்டுகள் என்று கணக்கிட்டுள்ளனர். தொகுப்பான் ஆக்குவது பெரும் படையெடுப்புக்கு ஒப்பானது என்ற அச்சம் அக்காலத்திலே தோன்றியது. அந்த அச்சம் இன்றும் முற்றாக நீங்கவில்லை.

ஆயினும், அதன் உள்ளே நடப்பதைக் கண்டபோது எனக்கு அச்சத்துக்குப் பதிலாக வியப்பே உண்டாயிற்று. அங்கே நடப்பது இலக்கணம். தொல்காப்பியர் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரம் வகுத்தார். தொகுப்பானும் எழுத்திலே தொடங்கிச் சொல்லுக்குச் சென்று, பின்னர் பொருளை நாடுகிறது. ஒன்று, ஐந்து, பூச்சியம், பூச்சியம் என அடுத்தடுத்து நிற்கும் நான்கு எழுத்துகளையும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு என்னும் ஒரு சொல்லாகக் கொள்வது அதன் முதல் வேலை. புணர்ச்சி விதிகள் அங்கே இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வெளியோ குறியோ நின்றே தீரும். தமிழ் படிப்பிக்கும் எங்களுக்குக் கிடைக்காத ஆறுதல் அது.

அடுத்ததாகச் சொற்கள் தொடராகின்றன. கணிதக் கோவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு. இதன் விடை பதினான்கு என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். பெருக்கலை முதலிலே செய்யவேண்டும் என்பது விதி. ஆனால் இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாக விழுங்கிக்கொண்டு போகும் இயந்திரம், கூட்டற்குறியைக் கண்டவுடன் கூட்டிவிடாமல் பொறுத்திருக்க வேண்டுமே. அதை எவ்வாறு பழக்குவது? மூன்று வாக்கியங்கள் போதும். கோவை என்பது ஓர் உறுப்பு, அல்லது கூட்டற்குறியால் இணைந்த பல உறுப்புகள். உறுப்பு என்பது ஒரு காரணி, அல்லது பெருக்கற்குறியால் இணைந்த பல காரணிகள். காரணி என்பது ஓர் எண், அல்லது அடைப்புக்குறிக்குள் இட்ட ஒரு கோவை.

நேயர்கள் மூன்றாவது வாக்கியத்தை மறுபடியும் நினைவுகூர வேண்டும். கோவையை விளக்க உறுப்பு வந்தது. உறுப்பை விளக்கக் காரணி வந்தது. காரணியை விளக்க மீண்டும் கோவையே வந்துவிட்டது. வட்டத்துக்குள் சுழலும் விளக்கம் என்று தருக்க நூலார் இதைக் கடிந்துகொள்ளக்கூடும். ஆனால் இங்கு அது குற்றமாகாது. அடைப்புக்குறி ஒவ்வொரு முறையும் உள்ளே சிறிதாகிக்கொண்டே போய், ஈற்றில் வெறும் எண்ணில் முடிந்துவிடுமாதலின், சுழற்சி நின்றுவிடும். செப்புக்குள் செப்பு வைத்த விளையாட்டுப் பொருளைப் போன்றது. நேற்றுச் சந்தையிலே நான் கண்ட மனிதர் வாங்கிய மாட்டின் கன்று என்று நாம் பேசும்போது, ஒரு வாக்கியத்தை மற்றொரு வாக்கியத்தின் அடைக்குள் வைத்துப் பேசுகிறோம் அல்லவா? அதுவும் இதுவே.

இம் மூன்று வாக்கியங்களையும் மூன்று சிறு செய்கைகளாக எழுதிவிட்டால், தொகுப்பானின் இதயம் அமைந்துவிட்டது எனலாம். கோவையை ஆராயும் செய்கை, உறுப்பை ஆராயும் செய்கையை ஏவுகிறது. அது காரணியை ஆராயும் செய்கையை ஏவுகிறது. இரண்டைக் கண்ட காரணிச் செய்கை, இரண்டை எடு என்று ஒரு கட்டளையை எழுதிவிட்டுத் திரும்புகிறது. பின்னே பெருக்கற்குறி இல்லையாதலால் உறுப்புச் செய்கையும் திரும்பிவிடுகிறது. கூட்டற்குறியைக் கண்ட கோவைச் செய்கை அதை நெஞ்சிலே வைத்துக்கொண்டு, அடுத்த உறுப்பை ஆராய்ந்து வா என்று ஏவுகிறது. அந்த உறுப்போ மூன்று பெருக்கல் நான்கு என்னும் முழுத் துண்டு. அதற்குரிய கட்டளைகள் எல்லாம் எழுதி முடிந்த பின்னரே, நெஞ்சில் வைத்திருந்த கூட்டு என்னும் கட்டளை வெளிவருகிறது. ஆகவே வெளிவரும் வரிசை இது: இரண்டை எடு, மூன்றை எடு, நான்கை எடு, பெருக்கு, கூட்டு. எடுத்தவற்றைத் தட்டுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, பெருக்கு என்றவுடன் மேலுள்ள இரண்டையும் எடுத்துப் பெருக்கி, விடையை அந்த இடத்தில் வைத்தால், முதலிலே பன்னிரண்டும் பின்னர் பதினான்கும் கிடைக்கும்.

இவ் வரிசையை முதன்முறை தாளில் எழுதிப் பார்த்தபோது நான் சற்று நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டையும் மூன்றையும் கூட்டு என்று நாம் சொல்லுகிறோம். ஆங்கிலேயர் கூட்டு என்பதை முன்னே சொல்லிப் பின்னர் எண்களைச் சொல்லுகின்றனர். பள்ளிக் கணிதம் குறியை நடுவிலே வைக்கிறது. இயந்திரத்துக்கு இசைந்ததோ, பொருள்களை முன்னே வைத்து வினையை ஈற்றிலே நிறுத்தும் முறை. தமிழ் வாக்கியத்தின் நடையும் அதுவே. இதிலிருந்து தமிழே கணினிக்கு உகந்த மொழி என்று யாராவது மேடையேறி முழங்குவார்களாயின் அதற்கு நான் பொறுப்பல்லேன். யப்பானியரும் துருக்கியரும் வினையை ஈற்றில்தான் வைக்கின்றனர். ஆயினும், எங்கள் பிள்ளைகளுக்கு இவ்விடத்தை விளக்குவது எளிது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

தொகுப்பானுக்கு இடர் தரும் வேறோர் இடமும் உண்டு. மழை பெய்தால் இன்னது செய், இல்லையேல் அதைத் தாண்டி அப்பாற் போ என்று எழுதியிருக்கிறது எனக் கொள்வோம். தாண்டிப் போக வேண்டிய இடத்தின் எண் எது? இடையில் உள்ள கட்டளைகளை இன்னும் பெயர்க்கவில்லையாதலால் அவ்வெண் தெரியாது. பாடசாலை விழாவுக்கு வரும் பிரதம விருந்தினர் நேரத்தைச் சொல்லாது தாமதிக்கும்போது, நேரத்துக்கு மட்டும் இடம்விட்டு அழைப்பிதழை அச்சிட்டு, பின்னர் பேனாவால் நிரப்புவதுண்டு. தொகுப்பானும் அதையே செய்கிறது. வெற்றிடம் விட்டு மேலே சென்று, இடம் தெரிந்தவுடன் திரும்பி வந்து நிரப்பிவிடுகிறது. இவ்வுபாயத்தால் செய்நிரலை ஒரே முறை படித்தே பெயர்த்து முடிக்கலாம். நினைவகம் சிறுத்த கணினிகளுக்கு இது பெரும் வரப்பிரசாதம்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். இந்தச் செய்கைகளையெல்லாம் பாஸ்கல் மொழியிலேயே எழுதலாம். எழுதினால், பாஸ்கலைப் பெயர்க்கும் தொகுப்பான் பாஸ்கலிலேயே இருக்கும். அதைப் பெயர்ப்பதற்கு ஒரு பாஸ்கல் தொகுப்பான் வேண்டும். மரம் முந்தியதா, வித்து முந்தியதா என்ற பழைய வழக்கு இங்கே வந்து நிற்கிறது.

பாஸ்கல் மொழியை வகுத்தவர் சுவிற்சர்லாந்து தேசத்தவரான நிக்லவுஸ் விர்த் என்னும் பேராசிரியர். 1934இல் விண்டத்தூர் நகரில் பிறந்து, சூரிச் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். எங்கள் நாட்டில் சாதாரண தர வகுப்புகளிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்ற பிள்ளைகள் பலர், முதன்முதல் எழுதிய செய்நிரலை அவருடைய மொழியிலேதான் எழுதினர். அவர் பெயரை அறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே.

1969ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர் முதல் பாஸ்கல் தொகுப்பானைப் போட்றான் மொழியிலே எழுத முயன்றனர். முதலில் அதில் எழுதி, பின்னர் பாஸ்கலுக்குப் பெயர்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். அது பிழைத்தது. பாஸ்கலில் உள்ள அமைப்புகளுக்கு நேரான அமைப்புகள் போட்றானில் இல்லை. பெயர்ப்பு எழுதுவதாயின் முழுவதையும் புதிதாகவே எழுதவேண்டியிருந்தது. இரண்டாம் முயற்சியிலே அவர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தனர். தொகுப்பானைப் பாஸ்கலிலேயே எழுதி முடித்தனர். அப்போது உலகத்திலே பாஸ்கல் செய்நிரலை இயக்கவல்ல கணினி ஒன்றேனும் இல்லை. எழுதியது சரியா பிழையா என்று பரீட்சித்துப் பார்க்கவும் வழியில்லை. அச்சுக்கூடம் இல்லாத ஊரிலே அகராதி எழுதியது போன்ற செயல்.

எழுதி முடிந்ததும், குழுவிலே ஒருவரான ஷில்ட் என்பவர் இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஓய்வு எடுப்பதற்கன்று. அந்தப் பாஸ்கல் செய்நிரலை வரிவரியாகப் படித்து, அவர்களிடம் இருந்த சீ.டி.சி. கணினிக்கு விளங்கிய ஒரு கீழ்நிலை மொழியிலே கையால் பெயர்த்து எழுதுவதற்காக. அதாவது, பாஸ்கலைப் பெயர்த்த முதல் தொகுப்பான், பேனா பிடித்த ஒரு மனிதரே.

அவர் எழுதிக் கொணர்ந்த பெயர்ப்பைக் கணினியில் ஏற்றியதும், பாஸ்கலை விளங்கிக்கொள்ளும் தொகுப்பான் ஒன்று கையில் உண்டாயிற்று. இத்தகைய தருணத்தில் செய்யும் முறை இது. கையால் பெயர்த்த அந்தத் தொகுப்பானிடம், பாஸ்கலில் எழுதிய மூலத் தொகுப்பானைக் கொடுப்பர். அது பெயர்த்துத் தருவது இரண்டாவது தொகுப்பான். அந்த இரண்டாவதனிடம் அதே மூலத்தைக் கொடுத்து மூன்றாவதைப் பெறுவர். இரண்டாவதும் மூன்றாவதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்குமாயின், தொகுப்பான் தன்னைத் தானே பெற்றுக்கொள்ளும் நிலையை அடைந்துவிட்டது என்று கொள்வர். அதன்பின் கையால் எழுதிய பெயர்ப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். கொல்லர் ஒருவர் கல்லால் அடித்து ஒரு முரட்டுச் சம்மட்டி செய்து, அந்தச் சம்மட்டியால் நல்ல சம்மட்டி செய்து, கல்லைத் தூக்கி எறிந்துவிடுவதற்கு ஒப்பானது. சூரிச்சில் அவ்வேலை 1970இன் நடுப்பகுதியிலே நிறைவேறியது.

பின்னர் பிற பல்கலைக்கழகத்தார் பாஸ்கலை விரும்பிக் கேட்டபோது, அவர்களுடைய கணினிகள் வெவ்வேறு வகையாயிருந்தன. அதற்கும் ஓர் உபாயம் கண்டனர். எங்கும் இல்லாத ஒரு கற்பனைக் கணினியை வகுத்து, அதன் கட்டளைகளாகப் பெயர்த்துத் தரும் தொகுப்பானை அனுப்பிவைத்தனர். பெற்றவர் செய்யவேண்டியது, அந்தக் கற்பனைக் கணினியைப்போல நடிக்கும் சிறு செய்நிரல் ஒன்றை எழுதுவது மட்டுமே. அக் கட்டளைகள், நான் முன்னே சொன்ன தட்டடுக்கு முறையில், வினையை ஈற்றில் வைத்து அமைந்தவை. இந்த வழியாகவே பாஸ்கல் 1970களின் பிற்பகுதியிலே சிறு கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது.

விர்த் அவர்களின் பிற்காலத்துக் கதை, எனக்கு இன்னும் மேலாகத் தோன்றுகிறது. 1980களின் பிற்பாதியில், குட்ணெக்ற் என்னும் தம் சகபேராசிரியருடன் சேர்ந்து, ஒபரொன் என்னும் மொழியையும், அம் மொழியிலேயே எழுதப்பட்ட ஒரு முழுக் கணினி அமைப்பையும் அவர் ஆக்கினார். அதன் வரிகள் முழுவதையும் நூலாகவும் வெளியிட்டார். ஆனால் அது இயங்கிய முறைவழியாக்கிச் சில்லு காலப்போக்கில் சந்தையிலிருந்து மறைந்தது. நூல் இருந்தது, நூல் விளக்கிய இயந்திரம் இல்லை. நூலை மீண்டும் அச்சிடலாமே என்று ஒருவர் கேட்டபோது, விர்த் அவர்கள் எழுபது வயதைத் தாண்டியிருந்தார். வேறு கம்பனி ஒன்றின் சில்லை நம்பினால் அதுவும் ஒருநாள் மறையும் அல்லவா? ஆகவே முறைவழியாக்கியையும் தாமே வகுப்பது என்று முடிவுசெய்தார்.

இதற்கு அவர் தேர்ந்துகொண்டது ஒரு சிறிய பயிற்சிப் பலகை. அதன் நடுவிலே உள்ள சில்லு விசித்திரமானது. அதனுள்ளே தருக்கப் படலைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் எந்தப் படலை எந்தப் படலையோடு தொடுக்கப்படவேண்டும் என்பது தீர்மானிக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். பயன்படுத்துவோர் எழுத்தில் விவரித்துக் கொடுத்தால், அவ்வாறே தொடுப்புகள் அமைந்துவிடும். விர்த் அவர்கள் விவரித்த முறைவழியாக்கியில் கட்டளைகள் மிகக் குறைவு; எண்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பதிவகங்கள் பதினாறு. நினைவகம் ஒரேயொரு மெகாபைற். அதாவது பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகள் கொள்ளும் இடம். துடிப்பு விநாடிக்கு இரண்டரைக் கோடி. எங்கள் மாணவியின் றாஸ்பெரி பையோடு ஒப்பிட்டால் ஏழை. 2012இல் வந்த றாஸ்பெரி பையின் நினைவகமே 256 மெகாபைற், துடிப்பு எழுபது கோடி.

அவ்வளவு சிறிய இடத்திலே திரையும், எழுத்துகளைத் திருத்தும் கருவியும், கோப்புகளைப் பேணும் அமைப்பும், ஒபரொன் தொகுப்பானும் ஒருங்கே குடியிருந்தன. அந்தத் தொகுப்பான், அப்பலகையில் இருந்துகொண்டே, தன்னைத் தானே சில விநாடிகளில் பெயர்த்துக்கொண்டது. முதன்முதல் அது அங்கே எவ்வாறு வந்தது என்று எங்கள் மாணவி கேட்பாள். இம்முறை வீட்டுக்கு அனுப்ப ஒருவர் வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே ஒபரொன் இயங்கிக்கொண்டிருந்த வேறொரு கணினியில் வைத்து, புதிய பலகைக்கு உரிய கட்டளைகளாகப் பெயர்த்து, அட்டையொன்றில் ஏற்றிக் கொணர்ந்து சேர்த்தனர். தாய்வீட்டில் பிறந்த பிள்ளை புகுந்த வீட்டில் குடித்தனம் நடத்துவது போல. திருத்திய நூல் 2013இல் வெளிவந்தது. அப்போது ஆசிரியருக்கு வயது எழுபத்தொன்பது.

அவருடைய மாணாக்கர் குறித்துள்ள செய்தி ஒன்று உண்டு. தொகுப்பானுக்கு ஒரு புதிய நயத்தைச் சேர்க்கலாம் என்று யாரேனும் வந்தால், அவர் வைக்கும் சோதனை இது: அந்த நயத்தைச் சேர்த்தபின், தொகுப்பான் தன்னைத் தானே பெயர்க்க எடுக்கும் காலம் குறைகிறதா, கூடுகிறதா? கூடினால் நயம் வேண்டாம். வீட்டுக்கு ஒரு பொருளை வாங்குமுன், அதைத் தூசி தட்ட யார் இருக்கிறார் என்று கேட்கும் கிழவியின் சிக்கனம் இது. இச் சிக்கனத்தின் விலையையும் மறைக்கக்கூடாது. அவருடைய தொகுப்பான் தரும் கட்டளைகள், பெரிய தொகுப்பான்கள் தருவனவற்றைப்போல விரைவாக ஓடமாட்டா. அதன் திரையில் வண்ணம் இல்லை. வங்கி ஒன்றை நடத்த அந்தப் பலகையை யாரும் வாங்கப்போவதில்லை. ஆனால், அதன் படலைத் தொடுப்பிலிருந்து தொகுப்பான் வரை ஒருவரே வாசித்து விளங்கிக்கொள்ளலாம். இன்று பரவலாக வழங்கும் பெரிய தொகுப்பான்களோ இலட்சக்கணக்கான வரிகள் கொண்டவை; அவற்றை முதலிலிருந்து கடைசிவரை வாசித்த மனிதர் யாரும் இருக்கமாட்டார்.

வாசிக்காவிட்டால் என்ன குறை என்று கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், கென் தொம்சன் என்னும் அமெரிக்க அறிஞரின் உரையைப் படிக்கும்வரை. யுனிக்ஸ் என்னும் அமைப்பை ஆக்கியவர்களுள் ஒருவர் அவர். கணினித்துறையின் உயரிய விருதான தூரிங் விருதைப் பெற்றபோது அவர் நிகழ்த்திய உரை 1984இல் அச்சாயிற்று. அதே ஆண்டின் தூரிங் விருது விர்த் அவர்களுக்குக் கிடைத்தது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம்.

தொம்சன் சொன்னது இது. கடவுச்சொல்லைக் கேட்டு உள்ளே விடும் செய்நிரல் ஒன்று உண்டு. அதைப் பெயர்க்கும்போது மட்டும், எனக்கு மட்டும் தெரிந்த ஒரு திருட்டுச் சாவியையும் சேர்த்துவிடும்படி தொகுப்பானை மாற்றலாம். ஆனால் தொகுப்பானின் மூலத்தை யாராவது வாசித்தால் களவு தெரிந்துவிடும். ஆகவே இன்னொரு தந்திரம்: தொகுப்பான் தன்னுடைய மூலத்தைத் தானே பெயர்க்கும்போது, இந்த இரண்டு களவுகளையும் மறுபடியும் தானே சேர்த்துக்கொள்ளும்படி செய்துவிடுவது. ஒருமுறை அவ்வாறு பெயர்த்துவிட்டால் போதும். மூலத்திலிருந்து களவு வரிகளை அழித்துவிடலாம். அதன்பின் மூலத்தை எத்தனை பேர் வாசித்தாலும் அது தூய்மையாகவே தோன்றும். களவோ தலைமுறை தலைமுறையாகத் தொகுப்பானிலிருந்து தொகுப்பானுக்கு இறங்கிக்கொண்டே வரும்.

பேதைத்தனம் என்று நான் நினைத்த மாணவியின் கேள்வி, இங்கே வந்து வேறு வடிவம் எடுத்தது. தொகுப்பானைத் தொகுத்தது எது என்று அறியாதவர், தம் செய்நிரல் தாம் எழுதியதைத்தான் செய்கிறது என்று உறுதி கூற முடியாது. இதற்கு மாற்றுவழிகளும் வகுக்கப்பட்டுள்ளன. தொடர்பில்லாத இரண்டாவது தொகுப்பான் ஒன்றால் அதே மூலத்தைப் பெயர்த்து, கிடைப்பதைக் கொண்டு மீண்டும் பெயர்த்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை 2009இல் டேவிட் வீலர் என்பவர் தம் ஆராய்ச்சியேட்டில் நிறுவினார். அந்த இரண்டாவது தொகுப்பான் சிறியதாயும் வாசிக்கத்தக்கதாயும் இருந்தால் நம்பிக்கை மிகும். சிறு பலகையில் சிறு தொகுப்பானை ஆக்குவது வெறும் பொழுதுபோக்கு என்று நான் கருதாததற்குக் காரணம் இதுவே.

விர்த் அவர்கள் 2024ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி காலமானார். தொண்ணூறு வயது நிறைய ஆறு வாரங்களே இருந்தன.

மூன்று மாதம் கழித்து நான் மாணவிக்கு விடை சொன்னேன். அவளுடைய பலகையில் இருந்தது பிறீ பாஸ்கல் என்னும் தொகுப்பான். அது பாஸ்கலிலேயே எழுதப்பட்டது. தன்னைத் தானே பெயர்த்துக்கொள்வது. ஆனால் 1993இல் அதைத் தொடங்கியபோது, டேர்போ பாஸ்கல் என்னும் வேறொரு தொகுப்பானைக் கொண்டே பெயர்த்தனர். அந்த டேர்போ பாஸ்கல் 1983இல் வெளிவந்தது. அதன் தொகுப்பானை ஆக்கியவர் அண்டர்ஸ் ஹெயில்ஸ்பேர்க் என்னும் டென்மார்க் இளைஞர். அவர் அதைப் பாஸ்கலில் எழுதவில்லை. முறைவழியாக்கியின் கட்டளைகளுக்கு ஒன்றுக்கொன்று நேராக நிற்கும் கீழ்நிலை மொழியிலே எழுதினார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் ஈற்றில் ஒரு மனிதரின் கைதான் வருகிறது என்றேன்.

அவள் தலையசைத்தாள். பின்னர், தானும் ஒன்று எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டாள். கோவை, உறுப்பு, காரணி என்னும் மூன்று வாக்கியங்களையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவே. கணினி ஆசிரியர் மிகுதிக்கு உதவினார். இரண்டு வாரத்தில் அவளுடைய சிறு தொகுப்பான் எழுந்து நின்றது. இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு என்று கொடுத்தபோது, இருபது என்று விடை வந்தது. கோவையையும் உறுப்பையும் ஒரே செய்கைக்குள் போட்டுவிட்டாள். ஆகவே கூட்டற்குறியைக் கண்டவுடன் அது பொறுக்காமல் கூட்டிவிட்டது. இரண்டையும் பிரித்து எழுதிய பின்னர் பதினான்கு வந்தது. இப்போது அடைப்புக்குறியும் விளங்குகிறது. மழை பெய்தால் என்னும் வாக்கியத்துக்கு வெற்றிடம் விட்டு நிரப்பும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை பார்த்தபோது, வெற்றிடத்தை விட்டிருந்தாள், திரும்பி வந்து நிரப்ப மறந்திருந்தாள்.